சீனக் குடும்பங்களில் மூத்த பிள்ளை அழுவதில்லையா? உங்கள் அனுபவம் என்ன?

ஈப்போவாசி:
எங்கள் பக்கத்து வீட்டில் கான்டனீஸ் பேசும் சீனக் குடும்பம். மூத்தவர் அண்ணன், அடுத்து இரண்டு தங்கைகள், கடைசியாக ஒரு தம்பி. அப்பா இறந்தபோது வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். தங்கைகள் தேம்பினார்கள், தம்பி சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு கதறினான். மூத்தவர் மட்டும் சட்டைக் கையில் துக்கத் துணியைக் குத்திக்கொண்டு, எந்த மேசையில் கச்சான் (நிலக்கடலை) தீர்ந்தது, எதில் குவாச்சி (கொறிக்கும் வறுத்த விதை) தீர்ந்தது என்று பார்த்து நிரப்பிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு நூலை வெட்டித் தட்டில் அடுக்கினார். ஒன்றிரண்டு நீளமாகப் போய்விட்டது என்று எடுத்து மறுபடி வெட்டினார். ஊர்வலத்தில் முன்னால் நடப்பதும் மூத்த மகன் பொறுப்புதான். "கல்நெஞ்சுக்காரன்" என்று நம்ம ஆள் ஒருவர் முணுமுணுத்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழ நேரம் இல்லாதபடி தன்னை வேலையில் கட்டிப்போட்டுக்கொண்டார் என்றுதான் பட்டது.

ஷென்சென் தமிழன்:
எங்கள் டீம் லீடர் ஹூனான் மாகாணத்துக் கிராமப் பெண். சீனாவில் ஒரு குழந்தைக் கொள்கை 2015 வரை இருந்தாலும், பல மாகாணங்களின் கிராமப்புறங்களில் முதல் குழந்தை பெண் என்றால் இன்னொன்று பெற்றுக்கொள்ள அனுமதி இருந்தது. அப்படிப் பிறந்தவன்தான் இவர் தம்பி. அவன் வீடு வாங்கியபோது முன்பணத்தில் பெரும்பங்கு இவர் காசு. அம்மா போனில் இவரிடம் கேட்பது "சாப்பிட்டாயா" மட்டும். தம்பி தும்மினால் வீடே பதறும்.

அங்கே பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொங் ரோங் கதை தெரியும். ஹான் அரசமரபின் கடைசிக் காலத்து அறிஞர், ஏழு சகோதரர்களில் ஆறாவது. நாலு வயதில் பேரிக்காய்களில் சின்னதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, "நான் சின்னவன், எனக்குச் சின்னது போதும்" என்றாராம். கவனியுங்கள், விட்டுக்கொடுத்தது இளையவன்! வீடுகளிலோ இதே கதையைச் சொல்லி மூத்த பிள்ளையின் வாயை அடைக்கிறார்கள். இதைச் சொன்னதும் எங்கள் டீம் லீடர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம், "எங்கள் வீட்டுக்குப் பேரிக்காய் வாங்கிப் போவதே நான்தான்" என்றார்.

சிங்கை அக்கா:
தம்பி, இளையது கொட்டித் தீர்க்கும், மூத்தது மென்று விழுங்கும் என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. என் தோழி ஷாங்காயில் பிறந்த ஒற்றைப் பிள்ளை. செல்லமும் அவளுக்கே, பாரமும் அவளுக்கே. அப்பாவோடு சண்டை வந்தால் மன்னிப்பெல்லாம் கிடையாது. கொஞ்ச நேரத்தில் அப்பா வெட்டிய பழம் தட்டோடு அவள் அறைக்கு வரும். சரி, சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். "பழம் மட்டும் போதாது" என்பாள் அவள். தன் மகளிடம் அன்பை வாய்விட்டுச் சொல்லப் பழகுகிறாள். அப்பா ஊரிலிருந்து வந்து தங்கும்போது மட்டும் கூச்சமாம், அப்போது அவளும் பழம் வெட்டுகிறாள்.