‘ஸ்ட்ராங் சூட்’: தன்வலியா, கைவந்த கலையா?

காட்பாடியிலிருந்து:
சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான நேர்முகத் தேர்வுக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறோம். ‘உங்கள் ஸ்ட்ராங் சூட் (strong suit) எது?’ என்ற ஆங்கில வினாவில் அச்சொல்லுக்குப் ‘பலம்’ என்று எழுதியிருக்கிறேன், மனம் நிறைவடையவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

வாலாஜாவிலிருந்து:
ஐயா, இது சீட்டாட்டச் சொல். விஸ்ட் ஆட்டத்தில் 52 சீட்டுகளும் நால்வருக்கு 13 வீதம் பிரிந்தபின், ஒருவர் கையில் இஸ்பேட்டோ ஆட்டினோ எந்த இனம் ஓங்கி நிற்கிறதோ அதுவே அவருடைய ஸ்ட்ராங் சூட். பிறரை விஞ்சுவது என்பதன்று, தம்மிடம் உள்ளவற்றுள் மேலானது என்பதே பொருள். ‘பலம்’ இதைச் சொல்லவில்லை. துருப்புச் சீட்டும் ஆகாது. துருப்பு மேசையில் உள்ள எல்லோருக்கும் பொது.

இதே பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஃபோர்ட்டே’ (forte) என்ற சொல் வாளிலிருந்து வந்தது. கைப்பிடியை ஒட்டிய உறுதியான பகுதிக்கு அப்பெயர். கோட்டையைக் குறிக்கும் ‘ஃபோர்ட்’டுக்கும் அதற்கும் லத்தீன் வேர் ஒன்றே என்பதால், வேலூர்க் கோட்டையை நினைவூட்டி நண்பர் ஒருவர் ‘அரண்’ என்றார். அரண் வெளியே நின்று காப்பது. நாம் தேடுவது ஒருவருக்குள்ளே இருப்பது. ‘வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்’ என்று வள்ளுவர் எடைபோடச் சொன்ன இடத்திலேயே நமக்கான சொல் இருக்கிறது: தன்வலி. ‘வய வலியாகும்’ என்னும் தொல்காப்பிய உரியியல் நூற்பாவைக் கொண்டு ‘தன்வயம்’ என்றும் ஆக்கலாம்; ஆனால் வயம் இன்று வசம் என்றே படும்.

ஆம்பூரிலிருந்து:
வயத்துக்குச் சொன்ன தடை வலிக்கும் உண்டல்லவா, ஐயா? வலி என்றால் மாணவர்களுக்கு நோவுதான். அகராதியைப் புரட்டிக்கொண்டு யாரும் நேர்முகத் தேர்வுக்குப் போவதில்லை. ‘கைவந்த கலை’ எல்லோர் வாயிலும் இருக்கிறது, அதையே வையுங்கள்.

வாலாஜாவிலிருந்து:
அம்மா, கைவந்த கலை பழகித் தேர்ந்ததைக் குறிக்கும். பொறுமையைத் தம் சிறப்பாகச் சொல்ல விரும்பும் மாணவி அதைக் கலை என்பாரா? வலி இடராயின் ‘தன்வலு’ என்போம்; வலு இன்றும் நம் பக்கத்துப் பேச்சில் உயிரோடு இருக்கிறது.

காட்பாடியிலிருந்து:
தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் ‘தனித்திறன்’ என்பதற்கே ஆதரவு மிகுதி. அச்சகம் காத்திருப்பதால் அதையே அனுப்புகிறேன்.

வாலாஜாவிலிருந்து:
அனுப்புங்கள், ஐயா. பொறுமையைத் திறன் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த பதிப்பின்போது தன்வலுவை மீண்டும் முன்வைப்பேன்.