கஸ்டமர் மெசேஜிங்: ‘செய்தியிடல்’ போதுமா?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நிறுவனங்கள் வாடிக்கையாளர்களோடு எழுத்தில் பேசப் பயன்படுத்தும் மென்பொருளான ‘கஸ்டமர் மெசேஜிங் பிளாட்பார்ம்’ என்பதற்கு நம் குழுமத்தில் ஐயா முன்வைத்த ‘வாடிக்கையாளர் செய்தியிடல் தளம்’ என்ற சொல்லை இரண்டு நாளாக மனத்தில் உருட்டிப் பார்க்கிறேன். ஏற்க முடியவில்லை. செய்தி என்பது ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பது. நான் மொரீசியசின் எபேன் சைபர் நகரில் உட்கார்ந்து பிரான்சு நாட்டு வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுபவள். என் திரையில் ஓடுவது செய்தி அன்று. கேள்வி, பதில், கோபம், சமாதானம், மறுபடியும் கேள்வி.

இந்த மென்பொருளை விற்பவர்களே இதை ஒரே பெயரில் விற்பதில்லை. 2007-இல் கோபன்ஹேகனில் தொடங்கிய ஜென்டெஸ்க் ‘உதவிமேசை’யாக வந்தது. அங்கே வாடிக்கையாளர் எழுதுவதெல்லாம் டிக்கெட். எண் போட்டு, ஆள் ஒதுக்கி, முடித்துவைக்க வேண்டிய வேலை. 2010-இல் சென்னையில் பிறந்த ஃபிரெஷ்டெஸ்க்கும் அவ்வழியே. 2011-இல் வந்த இன்டர்காம் டிக்கெட்டை முன்னிறுத்தாமல், வலைத்தளத்தின் மூலையில் பேச்சுக் குமிழ் ஒன்றை வைத்து ‘மெசேஜிங்’ என்றது. பாஸ்டனின் டிரிஃப்ட் அதே குமிழை விற்பனைப் பிரிவுக்குக் கொண்டுபோனது: தளத்துக்கு வந்தவரைப் படிவம் நிரப்பச் சொல்லாதீர்கள், பேசி வாங்கவையுங்கள் என்று. கருவி ஏறக்குறைய ஒன்றுதான். எந்தப் பிரிவு பணம் கட்டுகிறதோ அதற்கேற்பப் பெயர் மாறுகிறது. நம் சொல் உதவிமேசை, மெசேஜிங், விற்பனைப் பேச்சு ஆகிய மூன்றுக்கும் பொருந்த வேண்டும்.

டிக்கெட் முறையில் எனக்கு நெடுநாளாக ஓர் ஆற்றாமை. சிக்கல் தீர்ந்த பிறகு ஒரு பாட்டி ‘நன்றி, மகளே’ என்று எழுதினால், முடித்துவைத்த டிக்கெட் மறுபடியும் திறந்துகொள்ளும். நன்றி சொன்னதும் நிலுவை வேலையாகிவிடுகிறது. பெயர் வைத்த விதம்தான் அதற்குக் காரணம் என்று நம்புகிறேன்.

‘அரட்டை’யும் வேண்டாம். நண்பர்கள் பேசும் செயலிக்கு ஸோஹோ அந்தப் பெயரை வைத்தது அழகு. வங்கிக் கணக்கில் பணம் காணவில்லை என்று பதறி எழுதுபவர் அரட்டையா அடிக்கிறார்?

என் பரிந்துரை: ‘வாடிக்கை உரையாடல்’. மொரீசியசில் வீட்டில் கிரியோல், வேலையில் பிரெஞ்சு. ஆனாலும் ரூபாய்த் தாளில் தொகை தமிழிலும் அச்சாவதால் அந்த எழுத்துகள் பிள்ளைகளின் கண்ணுக்குப் பழகியிருக்கின்றன. கைபேசிப் பொத்தானில் வரும் சொல்லும் அப்படித்தான் பழகும். ஆகவே அது பொத்தானில் அடங்க வேண்டும்.

அன்புடன்,
ரோஸ்ஹில்லிலிருந்து

மறுமொழி:

வணக்கம் அம்மா. ‘செய்தியிடல்’ குறித்து நீங்கள் சொன்னது சரி; விட்டுவிடுகிறேன். ஆனால் ‘வாடிக்கை’ தனியே நின்றால் ‘வழக்கமான’ என்றும் பொருள்படும். ‘வாடிக்கை உரையாடல்’ என்றால் நாள்தோறும் பேசும் வெற்றுப் பேச்சு என்றே என் தலைமுறை படிக்கும். வாடிக்கையாளர் என்று முழுமையாக எழுதுங்கள்.

மறுமொழி:

ஐயா, அந்தப் பொருளை நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் கட்டுரையிலும் அகராதியிலும் ‘வாடிக்கையாளர் உரையாடல் தளம்’; பொத்தானில் ‘உரையாடல்’ மட்டும். டிக்கெட் என்பதற்கும் தனிச்சொல் தேடாமல் ‘உரையாடல்’ என்றே வைப்போம். முடிந்ததை ‘மூடியது’ என்னாமல் ‘தீர்ந்தது’ என்போம். மறுப்பிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அதன்பின் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.