மணப்பாட்டில் ஒரு துட்டி வீட்டில் கேட்ட பழைய செபம்

என் அத்தை இறந்த அன்று இரவு மணப்பாட்டில் நடந்த ஒரு சந்திப்பைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். தூத்துக்குடி கத்தோலிக்க மறைமாவட்டத்தின் வரலாற்றைப் புத்தகங்களில் வாசித்து ஓரளவு அறிந்திருந்த எனக்கு, அந்த வரலாறு யாருடைய நாவில் இருக்கிறது என்பது அந்த இரவில்தான் தெரிய வந்தது.

வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, ஐஸ் பெட்டியில் அத்தையைக் கிடத்தியிருந்தார்கள். அன்பியம் என்னும் பங்கின் சிறு செபக் குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் செபமாலையைத் தொடங்கும் நேரத்தில், எண்பது வயதைக் கடந்த ஓர் ஆச்சி பின்வாசல் வழியாக வந்து அத்தையின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அவர் கையிலிருந்த செபமாலை எத்தனையோ முறை அறுந்திருக்க வேண்டும். மணிகளைத் தங்கூசி என்னும் நைலான் இழையில் கோத்து, வலைக்குப் போடும் முடிச்சையே இடையிடையே போட்டிருந்தார். எவரும் அழைக்காமலேயே, கண்களை மூடிக்கொண்டு, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று ஆரம்பித்தார். சுவரோரம் சாய்ந்திருந்த கிழவிகள் எல்லோரும் ஒரே குரலாக, "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்று பதில் கொடுத்தார்கள். இளைஞர்களோ "தூய மரியே, இறைவனின் தாயே" என்று சொல்ல, இரண்டு பதில்களும் ஒன்றோடொன்று மோதிக் குழம்பின.

அந்த இளைஞர்களில் ஒருவர் எழுந்து, "ஆச்சி, இப்போ அப்படிச் சொல்றதில்ல; புதுச் செபம் சொல்லுங்க" என்றார். அவர் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை என்பதையும் நான் சொல்ல வேண்டும். ஆனால் ஆச்சி வாயை மூடிக்கொண்டார். அதன் பிறகு அவருடைய உதடுகள் மட்டும் அசைந்தன, குரல் வரவில்லை. பக்கத்தில் இருந்த நானும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டேன். அந்த வருத்தம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் மாலை அவருடைய வீட்டைத் தேடிப் போனேன். அவருக்குத் தெரிந்த செபங்களை எனக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டதும், முகம் மலர்ந்து, "ஏன் பிள்ள, நீ எழுதுவியா?" என்றார். மூன்று மாலைகள் போய் எழுதினேன். கைப்பேசியிலும் பதிவு செய்தேன். திருமுழுக்கு, நற்கருணை போன்ற திருச்சடங்குகளை அவர் அருட்சாதனம் என்று சொல்லவில்லை, தேவதிரவிய அனுமானம் என்றார். புனிதர் அவருக்கு அர்ச்சிஷ்டவர், இயேசு அவருக்குச் சேசு. இவற்றைப் பள்ளியில் படிக்கவில்லை என்றும், ஊரில் செபம் கற்பித்த உபதேசியார் மணி அடித்ததும் கோயிலுக்கு ஓடிப்போய், அவர் ஒரு வரி சொல்லத் தாங்கள் ஒரு வரி சொல்லியே மனப்பாடம் செய்ததாகவும் கூறினார். ஊரில் யாராவது நோயில் படுத்தால், உபதேசியார் கையில் ஒரு பாடுபட்ட சுரூபத்தை, அதாவது இயேசு தொங்கும் சிலுவையை, கொடுத்துப் பிள்ளைகளை அந்த வீட்டுக்குச் செபம் சொல்ல அனுப்புவாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 1542இல் இந்தக் கடற்கரைக்கு வந்த இயேசு சபைத் துறவி புனித பிரான்சிஸ் சவேரியார், 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்: கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியதையும், எல்லா நோயாளிகளிடமும் தம்மால் போக முடியாததால் பிள்ளைகளையே அனுப்பியதையும். சவேரியார் தங்கிச் செபித்த குகைக்கு அந்த வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்தக் கடிதத்தைப் பற்றி ஆச்சிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கடிதத்தில் உள்ளதைச் சிறுவயதில் செய்தவர் அவர்.

எனக்கு மேலும் வியப்பளித்தது வேறொன்று. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1535 முதல் 1537 வரை திருமுழுக்குப் பெற்றபோது அவர்களுக்குத் தமிழில் செபம் இல்லை. இரு மொழியும் அறிந்த சிலரின் துணையோடு சவேரியார் செபங்களைத் தமிழாக்கினார். நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று இருந்ததைப் பின்னர் உணர்ந்து, அதைத் திருத்தும்படி தம் தோழர் மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578இல் கொல்லத்தில் ஒரு செபநூலை அச்சிட்டார். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூலான அதன் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. அன்று தம்பிரானாக இருந்த கடவுள், 17ஆம் நூற்றாண்டில் தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட இத்தாலியத் துறவி தெ நொபிலியின் காலத்திலிருந்து சர்வேசுரனாகி, 1960களில் நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிந்திய மொழிபெயர்ப்புகளில் இறைவனாகவும் ஆண்டவராகவும் ஆகியிருக்கிறார். ஆகவே ஆச்சி சொல்லும் செபமும் ஒரு காலத்தில் புதுச் செபமாக இருந்ததுதான். புதிய தமிழ் வந்ததில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. என் பிள்ளைகள் பொருள் புரிந்து செபிப்பது அதனால்தான். ஆனால் திருத்துவதற்கு ஓர் இடமும் வேளையும் உண்டு. ஒரு தலைமுறையின் கடைசிக் குரல்களைத் துட்டி வீட்டில் வைத்துத் திருத்தியிருக்க வேண்டாம்.

1923 சூன் 12 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து உருவான நம் மறைமாவட்டம் நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. முதல் ஆயர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையைப் பற்றியும், தூத்துக்குடி பனிமய மாதாவின் பொன் தேரைப் பற்றியும் எழுதப் பலர் இருக்கிறார்கள். மணி அடித்துச் செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களைப் பற்றி எழுதியவர்கள் அவ்வளவு பேர் இல்லை.

ஆச்சி மறு ஆண்டே இறந்துவிட்டார். அவருடைய அடக்கத்துக்கு என்னால் போக முடியவில்லை. பேத்தி தொலைபேசியில் சொன்னதன்படி, முன்பு எழுந்து பேசிய அதே இளைஞர், நான் நகலெடுத்துக் கொடுத்திருந்த தாள்களைப் பார்த்து, திக்கித் திணறிப் பழைய செபத்திலேயே பத்து மணிகள் சொல்லியிருக்கிறார்.

என் பதிவில் ஒரு குறை இருக்கிறது. கடலுக்குப் போகும்முன் கட்டுமரம் தள்ளும்போது ஆண்கள் சொல்லுவது என்று ஆச்சி ஒரு சிறு மன்றாட்டைச் சொன்னார். "கடலில் அலைபடுகிறவர்களுக்கு விண்மீனே" என்று மாதாவை அழைக்கும் வரிக்குப் பிறகு வரும் இரண்டு வரிகள் காற்றிரைச்சலில் கேட்கவில்லை. ஆலந்தலை, புன்னைக்காயல், பெரியதாழை, உவரிப் பக்கம் வீட்டில் பெரியவர்கள் இருக்கும் அன்பர்கள் அவர்களிடம் கேட்டுச் சொன்னால், என் நோட்டில் விட்டு வைத்திருக்கும் இடத்தில் எழுதிக்கொள்வேன்.