சிஸ்டர் பேட்ஜில் 6.8, டாக்டர் பேட்ஜில் பூஜ்யம்: அவசர உதவி தேவை

அரிசிலாறு · காலை 9:10
நேற்று, நாங்கள் வாங்கிய கதிர் அளவைக் காட்டும் டிஎல்டி பேட்ஜ்களின் அறிக்கை வந்தது. எங்கள் சிஸ்டர் ஒருவருக்கு 6.8 என்று இருக்கிறது. டாக்டருக்குப் பூஜ்யம், டெக்னீசியனான எனக்கு 0.3. சிஸ்டர் அழுதுகொண்டே இருக்கிறார், அவர் கணவர் வேலையை விட்டுவிடச் சொல்கிறாராம். நிர்வாகம் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. பேட்ஜ் கெட்டுவிட்டது என்று எழுதலாமா? இரண்டு மணிக்குள் கடிதம் கொடுக்க வேண்டும்.

வெட்டாறு · காலை 9:22
6.8 என்ன அலகு? மில்லிசீவர்ட்டா? எத்தனை மாதக் கணக்கு? இதய ஆஞ்சியோ செய்யும் கேத் லேபா, எலும்பு ஆபரேஷனுக்கு வைத்திருக்கும் சி-ஆர்ம் எக்ஸ்ரே இயந்திரமா? ஒன்றுமே சொல்லாமல் கடிதம் எழுதித் தரச் சொல்கிறீர்களே.

மன்னை சிஸ்டர் · காலை 9:31
பேட்ஜை ஈய ஏப்ரனுக்கு உள்ளே மாட்டினாரா, வெளியேயா? அதைவிட முக்கியம், அவர் கர்ப்பமாக இருக்கிறாரா? தெரிவித்த நாளிலிருந்து கருவுக்கான வரம்பு 1 மில்லிசீவர்ட்தான். முதலில் அதைக் கேளுங்கள். கடிதம் பிறகு.

பழைய கதிர் · காலை 9:48
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் சொல்லியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம் இந்தத் தலைமுறைக்குக் கிடையாது. உங்கள் மருத்துவமனையின் ஆர்எஸ்ஓ, அதாவது கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி, யார்? விளக்கம் கொடுக்க வேண்டியவர் அவர். டெக்னீசியன் எதற்குக் கடிதம் எழுத வேண்டும்? நான் லேபில் நின்ற காலத்தில் இப்படி ஒரு குழப்பமும் வந்ததில்லை.

வெண்ணாறு · காலை 10:05
சிஸ்டர் பேட்ஜை வீட்டுக்கு எடுத்துப்போகிறாரா? சமையலறை மேடை கருங்கல்லா? கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் உண்டு. எனக்கு அதுதான் சந்தேகம்.

குடமுருட்டி · காலை 10:12
கருங்கல் எல்லாம் இல்லை. வண்டிப் பெட்டியில் வைத்து வெயிலில் நிறுத்தியிருப்பார். சூட்டில் ஏறிவிட்டிருக்கும்.

கல்லணை அளவுகோல் · காலை 10:40
மருத்துவ இயற்பியல் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

வெயில் அளவைக் கூட்டாது. பேட்ஜுக்குள் இருப்பவை டிஸ்புரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் வட்டுகள். வாங்கிய கதிரை அவை ஒளியாக வெளிவிட 200 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். கும்பகோணத்துச் சித்திரை வெயிலுக்கு அந்தத் திறமை இல்லை. சூட்டினால் ஏதாவது நடந்தாலும் அளவு குறையத்தான் செய்யும்.

கருங்கல்லும் இல்லை. இயற்கையிலிருந்து உலக மனிதர் ஒருவர் சராசரியாக வாங்குவது, மூச்சில் போகும் ரேடானையும் சேர்த்து, வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். சமையல் மேடை மூன்று மாதத்தில் 6.8 கொடுக்காது.

கேத் லேப், மூன்று மாதக் கணக்கு என்று வைத்துக்கொள்கிறேன். ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) வரம்பு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30க்கு மேல் போகக் கூடாது. 6.8ஐ நான்கால் பெருக்கினால் 27.2. ஆகவே சிஸ்டருக்கு உடனடி ஆபத்து எதுவும் இல்லை, அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் இப்படியே விடவும் முடியாது.

6.8க்கு ஏதாவது காரணம் கிடைக்கும். அந்தப் பூஜ்யத்துக்குத்தான் எனக்குக் காரணம் தெரியவில்லை. பாதி நேரம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உங்களுக்கே 0.3. நோயாளியின் பக்கத்திலேயே நிற்கிறவருக்கு எப்படிப் பூஜ்யம்?

அரிசிலாறு · காலை 11:55
மன்னிக்கவும், கேஸ் ஓடிக்கொண்டிருந்தது. கேத் லேப்தான், மூன்று மாதம், மில்லிசீவர்ட். கர்ப்பம் இல்லை. ஏப்ரன் எல்லாரும் போடுகிறோம். ஆர்எஸ்ஓ திருச்சியிலிருந்து மாதம் ஒருமுறை வருவார், போனை எடுக்கவில்லை. சிஸ்டரின் அம்மாவுக்குத் தைராய்டுக்காகக் கதிரியக்க அயோடின் மருந்து கொடுத்தார்களாம். அதிலிருந்து ஏறியிருக்குமா?

மன்னை சிஸ்டர் · மதியம் 12:02
உள்ளேயா வெளியேயா என்று கேட்டேன். அதற்கு மட்டும் பதிலைக் காணோம்.

கல்லணை அளவுகோல் · மதியம் 12:20
அயோடின் என்றால் கண்டுபிடித்துவிடலாம். பேட்ஜில் மூன்று வட்டுகள்: ஒன்றின் மேல் உலோக வடிகட்டி, ஒன்றின் மேல் பிளாஸ்டிக், ஒன்று திறந்தபடி. அயோடினின் காமா கதிர் உலோகத்தைத் தாண்டிவிடும், அதனால் உலோக வட்டுக்கும் பிளாஸ்டிக் வட்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கேத் லேபில் சிதறும் எக்ஸ்ரே சக்தி குறைந்தது, உலோகத்துக்குக் கீழே உள்ள வட்டில் கணிசமாகக் குறையும். வட்டுவாரியான அளவைச் சொல்லும்படி பரிசோதனைக் கூடத்துக்கு எழுதுங்கள். பேட்ஜ் கெட்டுவிட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிறகு உண்மை வந்தால் உங்கள் கையெழுத்துத்தான் மாட்டும்.

இன்னொன்று. அந்த மூன்று மாதத்தில் வழக்கத்தைவிட நீண்ட கேஸ் ஏதாவது நடந்ததா? இயந்திரத்தின் டோஸ் பதிவைப் பாருங்கள்.

வெண்ணாறு · மதியம் 12:31
கருங்கல்லை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. பெரிய கோயிலுக்குள் அளவு மானியைப் பிடித்தால் தெருவைவிடக் கூடுதலாகக் காட்டும்.

பழைய கதிர் · மதியம் 12:44
காட்டட்டுமே, அதனால் என்ன? ராஜராஜன் 1010இல் கட்டி முடித்த நாளிலிருந்து அர்ச்சகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாராவது பேட்ஜ் மாட்டினார்களா?

அரிசிலாறு · மதியம் 1:15
ஒரு கேஸ் இருந்தது. முழுதாக அடைத்த நாளம், மூன்றரை மணி நேரம் ஆனது. பருமனான ஆள். டிஏபி, அதாவது டோஸையும் எக்ஸ்ரே பட்ட பரப்பையும் பெருக்கிய அளவு, 21000. ஏர் கெர்மா, அதாவது காற்றில் கணக்கிட்ட டோஸ், 5400 மில்லிகிரே. அதிகமா? அவர் மனைவி போன மாதம் போன் செய்து, முதுகில் சதுரமாகச் சிவந்திருக்கிறது என்றார். நடவு வேலையில் வியர்க்குரு வந்திருக்கும், பவுடர் போடுங்கள் என்று சொல்லிவிட்டோம்.

வெட்டாறு · மதியம் 1:19
21000 என்ன அலகு? மறுபடியுமா!

மன்னை சிஸ்டர் · மதியம் 1:24
வியர்க்குரு சதுரமாக வருமா, தம்பி?

கல்லணை அளவுகோல் · மதியம் 1:38
சிஸ்டரின் பேட்ஜ் இரண்டு நாள் காத்திருக்கும். இவர் காத்திருக்கக் கூடாது. அந்தச் சதுரம் எக்ஸ்ரே பீம் பட்ட தடமாக இருக்கலாம்.

அலகைக் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம். 21000 மில்லிகிரே சதுர சென்டிமீட்டர் என்றால் 21 கிரே சதுர செ.மீ. அதை 5.4 கிரேயால் வகுத்தால் பீமின் பரப்பு 4 சதுர செ.மீ. கூட வராது. இரண்டு செ.மீ. சதுரத்துக்குள் யாரும் இதயத்தைப் பார்க்க முடியாது. ஆகவே உங்கள் இயந்திரம் காட்டுவது மைக்ரோகிரே சதுர மீட்டர். நூறால் வகுத்தால் 210 கிரே சதுர செ.மீ., பரப்பு 39 சதுர செ.மீ., பக்கத்துக்கு ஆறு செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். இது நடக்கக் கூடியது.

ஏர் கெர்மா 5 கிரேயைத் தாண்டினால் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லி, முதுகைக் கவனிக்கச் சொல்லி, தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது பல நாடுகளில் நடைமுறை. திரையில் வரும் அந்த எண் தோலில் பட்ட அளவு அல்ல. இயந்திரம் சுழலும் மையப்புள்ளியிலிருந்து எக்ஸ்ரே குழாய்ப் பக்கம் 15 செ.மீ. தள்ளி ஒரு புள்ளியைக் குறித்து, அங்கே எவ்வளவு என்று சொல்கிறது. குழாயைச் சாய்த்துக்கொண்டே இருந்திருந்தால் அளவு தோலில் பரவியிருக்கும். ஒரே கோணத்தில் நின்றிருந்தால் ஒரே இடத்தில் இறங்கியிருக்கும். சிவப்பு வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழேயா? இடப்பக்கச் சாய்வுக் கோணத்தில் பீம் அங்கேதான் நுழையும்.

தோல் டாக்டரிடம் அனுப்பும்போது இந்த எண்களை எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். தெரியாமல் அங்கே சதை வெட்டிப் பரிசோதனைக்கு எடுத்தால் புண் ஆறாமல் போகலாம். நோயாளியைப் பற்றி வேறு விவரம் எதையும் இங்கே போடாதீர்கள்.

பழைய கதிர் · மதியம் 2:10
வாரத்துக்கு இத்தனை ஸ்டென்ட் வைக்கிறார்கள். எல்லாருக்கும் முதுகைப் பாருங்கள் என்று சொன்னால் நாளை யார் ஆஞ்சியோவுக்கு வருவார்கள்? உயிர் பிழைத்தவர் சிவப்புக்கு அழுவாரா?

மன்னை சிஸ்டர் · மதியம் 2:26
சொல்லாமல் விட்டதால்தானே அந்த அம்மா வீட்டில் பவுடர் போட்டுக்கொண்டிருக்கிறார்? எல்லாருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, ஐயா. 5 கிரேயைத் தாண்டியவருக்கு என்றுதான் அவர் சொன்னார்.

குடமுருட்டி · மதியம் 2:40
கதிர் பட்ட உடம்புக்கு வாழைத்தண்டுச் சாறு நல்லது.

வெட்டாறு · மதியம் 2:43
சிறுநீரகக் கல்லுக்குச் சொல்வதை இங்கே கொண்டுவராதீர்கள், அண்ணே.

வெண்ணாறு · மாலை 4:15
தஞ்சையைச் சுற்றி மலையே கிடையாது. அத்தனை கல்லும் வெளியிலிருந்து வந்தது. நார்த்தாமலைப் பக்கம் என்பார்கள். உச்சிக்கல் மட்டும் 80 டன், ஒரே கல் என்று சொல்வார்கள்.

பழைய கதிர் · மாலை 4:32
ஒரே கல் என்று யார் சொன்னது? பல துண்டுகளைப் பொருத்தியது. ஏறிப் பார்த்தவர்களைக் கேளுங்கள்.

வெண்ணாறு · மாலை 4:40
நீங்கள் ஏறினீர்களா?

அரிசிலாறு · நான்கு நாள் கழித்து, இரவு 10:50
அவரை வரவழைத்துவிட்டோம். வலது தோள்பட்டைக்குக் கீழேதான். தோல் டாக்டர் பார்த்தார், புண் இல்லை, மாதாமாதம் வரச் சொல்லியிருக்கிறார். சிஸ்டர் பேட்ஜை ஏப்ரனுக்கு வெளியே மாட்டியிருக்கிறார், யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. டாக்டர் பேட்ஜ் மேசை இழுப்பறையில் இருந்தது, உறை பிரிக்காமல். கடிதத்தை ஆர்எஸ்ஓ எழுதுகிறார். எல்லாருக்கும் நன்றி.

கல்லணை அளவுகோல் · இரவு 11:04
வெளியே மாட்டியிருந்தால் 6.8 அவர் உடம்பு வாங்கியது அல்ல. அரை மில்லிமீட்டர் ஈயம் 90 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். அவர் கணவருக்கும் சொல்லுங்கள். ஆனால் கண்ணுக்கு ஏப்ரன் கிடையாது. கழுத்தளவில் 6.8 என்றால் கண்ணிலும் ஏறக்குறைய அதுதான். ஐசிஆர்பி (கதிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம்) 2011இல் கண் வில்லைக்கான வரம்பை வருடத்துக்கு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20க்குக் குறைக்கச் சொன்னது. சிஸ்டருக்கு ஈயக் கண்ணாடி இருக்கிறதா? கூரையிலிருந்து தொங்கும் தடுப்பை யாராவது இழுத்து வைக்கிறீர்களா? குழாய் இருக்கும் பக்கம் நின்றுகொண்டுதான் மருந்தெடுத்துக் கொடுக்கிறாரா?

மன்னை சிஸ்டர் · இரவு 11:20
இனி டாக்டர் பேட்ஜ் போடுகிறாரா?

வெட்டாறு · மறுநாள் காலை 6:30
அரிசிலாறு?

வெண்ணாறு · மறுநாள் காலை 8:15
உச்சிக்கல் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.