லப்சாங் சூச்சோங்கின் புகை: மணமா, குறையை மூடும் போர்வையா?

இலைநுனி:
"சீனத் தேயிலைகளை ஒப்பிடும்போது லப்சாங் சூச்சோங்கைச் சேர்க்கவே கூடாது, அதில் நாக்குக்குக் கிடைப்பது புகை மட்டும்தான்" என்று கோப்பைநிலவு நேற்று எழுதியதைப் படித்து மனம் கொதித்துப் போனேன். ஃபூஜியன் மாகாணத்து வூயி மலையில், தோங்மு கிராமத்தில், பைன் விறகு எரியும் அடுப்புக்கு மேலே இலையை வாட்டி உலர்த்துவது அந்த ஊரின் மரபு. நேற்றிரவு ஐந்து கிராம் இலையை மூடியுள்ள சிறு கிண்ணத்தில் இட்டு, கொதிநீர் விட்டு, உடனுக்குடன் வடித்துக் குடித்தேன். முதல் வடிப்பில் புகை முந்திக்கொண்டு வந்தது உண்மை; மூன்றாம் வடிப்பிலோ அது அடங்கி, உலர்ந்த லாங்கன் பழத்தின் இனிப்பு தொண்டையில் நெடுநேரம் நின்றது. மூன்றாவது வடிப்பு வரை பொறுமை இல்லாதவர் தீர்ப்பு எழுதக் கூடாது.

கோப்பைநிலவு:
என் பொறுமையைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அன்ஹுய் மாகாணத்தின் கீமூன் தேயிலை, புகையின் துணையில்லாமலே ரோஜாவையும் கோகோவையும் நினைவூட்டும் மணத்தைத் தருகிறது. புகை எதற்கு வருகிறது? முதிர்ந்த இலையின் முரட்டுத்தன்மையை மூடத்தான். வணிகத் தரப்பெயர்களில் சூச்சோங் என்பதே கொழுந்துக்குக் கீழே உள்ள பெரிய இலையைத்தான் குறிக்கும்.

இலைநுனி:
அது பிற்கால வணிகர்களின் வழக்கு. சீன மொழியில் அந்தப் பெயரின் மூலச்சொல்லுக்குச் சிற்றினம் என்பதே பொருள். இலை தாழ்ந்தது என்றால், அதே தோங்முவில் 2005-இல் மொட்டுகளை மட்டும் பறித்து உருவாக்கிய ஜின் ஜுன் மெய்க்கு அவ்வளவு விலை எப்படி வந்தது? மண்ணும் செடியும் அங்கே உயர்ந்தவை.

கோப்பைநிலவு:
ஜின் ஜுன் மெய்யில் புகை இல்லை. அந்த ஊர்க்காரர்களே தங்கள் மிக உயர்ந்த தேயிலையைப் புகையில் காட்டவில்லை என்பதை நீங்களே எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு வேறு சான்று தேவையில்லை.

மலைச்சாரல்:
இருவரும் யுன்னான் மாகாணத்தை மறந்துவிட்டீர்கள். அங்குள்ள ஃபெங்சிங்கில் 1930-களின் இறுதியில் தொடங்கிய தியன்ஹோங் தேயிலை, பெரிய இலைச் செடியிலிருந்து வருவது. பொன்னிற மொட்டுகள் நிறைந்தது. வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கைப் போல இனிப்பது. லப்சாங், கீமூன், தியன்ஹோங் மூன்றையும் தலா மூன்று கிராம், 150 மில்லி கொதிநீர், ஐந்து நிமிடம் என்ற ஒரே அளவில் வைத்துப் பார்த்தேன். என் வாக்கு தியன்ஹோங்குக்கே. சிறிது பால் விட்டாலும் அது தாங்குகிறது.

இலைநுனி:
பாலா? சென்ற மாதமும் இதே பால் பேச்சால்தான் ஒரு நல்ல விவாதத்தைக் கெடுத்தீர்கள். ஐந்து நிமிடம் ஊறவிட்டால் லப்சாங்கின் எல்லாப் படிகளும் ஒரே கோப்பையில் கலந்துவிடும். பிறகு புகை மட்டும்தான் தெரியும்.

மலைச்சாரல்:
தரம் பார்ப்பவர்கள் நீண்ட நேரம் ஊறவிடுவது குறை வெளிவர வேண்டும் என்பதற்காகவே. உங்கள் தேயிலைக்கு மட்டும் சலுகை கேட்பது நியாயமா?

கோப்பைநிலவு:
அவர் சலுகை கேட்பது புதிதல்ல. முன்பு எனக்கு அனுப்பிய கீமூன் பொட்டலத்தை அவர் லப்சாங் டப்பாவோடு ஒரே பெட்டியில் வைத்து அனுப்பினார். பிரித்தபோது கீமூனிலும் விறகடுப்பு வாடை. வெந்நீர் விட்ட பிறகும் அது போகவில்லை. அவ்வளவு நல்ல இலையைத் தொட்டியில் கொட்டினேன். பக்கத்தில் இருக்கும் தேயிலையையே கெடுக்கும் புகை, தன் இலையை மட்டும் விட்டுவைக்குமா?

இலைநுனி:
பொட்டலத்தைச் சரியாக ஒட்டாதது என் தவறு. அதற்கு அன்றே வருத்தம் தெரிவித்தேன். அதைக் கிளறி இன்று தோங்முவின் உழைப்பின்மேல் பழி போட வேண்டாம். இலை சுற்றியுள்ள மணத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. மல்லிகைத் தேயிலையும் அந்த இயல்பால்தான் உருவாகிறது. மல்லிகையைப் போர்வை என்று யாராவது சொல்கிறீர்களா? பைன் புகையை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்? மூன்றாம் வடிப்பைக் குடித்துவிட்டுப் பதில் எழுதுங்கள்.

கோப்பைநிலவு:
ஏழு வடிப்பு குடித்திருக்கிறேன். ஏழிலும் புகைதான்.