தண்ணீர் ஊற்ற ஊற்ற ஆர்க்கிட் இலை சுருங்குகிறது, என்ன செய்வது?

வேளச்சேரி செடி:
வணக்கம். பிப்ரவரியில் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு ஆர்க்கிட் பரிசாக வந்தது. ஊதாப் பூ, பட்டாம்பூச்சி மாதிரி இருக்குமே, சீட்டில் ஃபெலனாப்சிஸ் என்று போட்டிருந்தது. பூ இரண்டரை மாதம் நின்றது, வருகிறவர்கள் எல்லாம் பிளாஸ்டிக்கா என்று தொட்டுப் பார்த்தார்கள். இப்போது ஜூலை. இலைகள் ஆட்டுக்காது மாதிரி தொங்குகின்றன, மேலெல்லாம் சுருக்கம், கீழ் இலை ஒன்று மஞ்சளாகி விழுந்துவிட்டது. தினமும் அரை டம்ளர் ஊற்றிக்கொண்டிருந்தேன், தண்ணீர் பற்றவில்லை போல என்று அத்தை சொன்னதால் இரண்டு வாரமாக ஒரு டம்ளர். வெள்ளைப் பீங்கான் தொட்டி, ஹாலில் டிவி பக்கத்தில் இருக்கிறது. இரண்டு வேர் தொட்டிக்கு வெளியே அசிங்கமாக நீட்டிக்கொண்டிருக்கிறது, அதை வெட்டிவிடலாமா?

மட்டையும் கரியும்:
வெட்டாதீர்கள்! செடி இன்னும் உயிரோடு இருப்பதே அந்த இரண்டு வேரின் புண்ணியமாகத்தான் இருக்கும். செடிக்குத் தாகம்தான், ஆனால் குடிக்க வாய் இல்லை. உள்ளே வேர் அழுகியிருந்தாலும் இலை இப்படித்தான் சுருங்கும், தண்ணீர் இல்லாவிட்டாலும் இப்படித்தான் சுருங்கும், அதனால் இலையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. பீங்கான் தொட்டியின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது, உள்ளே இன்னொரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும், அதைத் தூக்கினால் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும். செடியை வெளியே எடுத்து வேரை விரலால் அழுத்துங்கள். கெட்டியாக, காய்ந்தால் வெள்ளி நிறமும் நனைந்தால் பச்சையுமாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாக, கொழகொழவென்று, லேசாக இழுத்தால் ஊறவைத்த நிலக்கடலைத் தோல் மாதிரி கழன்று வந்து நடுவில் நூல் மட்டும் நின்றால் அது போய்விட்டது.

வேளச்சேரி செடி:
எடுத்துப் பார்த்துவிட்டேன், நீங்கள் சொன்னபடியே அடியில் ஒரு விரற்கடை தண்ணீர், சாக்கடை வாடை. வேரெல்லாம் மண்ணுக்குப் பதில் தொட்டியில் திணித்திருந்த பஞ்சு மாதிரிப் பாசிக்குள் இறுக்கிச் சுற்றியிருந்தது. நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தனியாக ஒரு பாசி உருண்டை, பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது. எண்ணிப் பார்த்தால் நல்ல வேர் நான்குதான், அதில் இரண்டு அந்த வெளியே நீட்டியவை. அழுகியது ஒரு கைப்பிடி இருக்கும். தூக்கிப் போடவேண்டியதுதானா?

பால்கனி ராணி:
நான்கு வேர் தாராளம் தோழி, ஒன்றை வைத்தே பிழைத்த செடி என்னிடம் இருக்கிறது. அழுகியதை எல்லாம் வெட்டிவிட்டு, பட்டைப்பொடி இருக்கிறதே, பிரியாணிக்குப் போடும் இலவங்கப்பட்டை, அதை வேர் முழுக்கத் தூவிவிடுங்கள். பூஞ்சை வராது.

மட்டையும் கரியும்:
முழுக்கத் தூவவேண்டாம் ராணி அக்கா. பட்டைப்பொடி ஈரத்தை உறிஞ்சும், வெட்டிய முனையில் ஒரு சிட்டிகை வைத்தால் சரி, நல்ல வேரில் பட்டால் அதுவும் காய்ந்துபோகும். நான் ஒருமுறை இப்படித்தான் ஒரு செடியைக் கொன்றேன். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றச் சொல்லி யாராவது வந்தாலும் கேட்காதீர்கள், நுரை வருவதைப் பார்க்க நன்றாக இருக்கும், நல்ல வேர்த்தோலும் அதில் வேகும். கத்தரியைத் தீயில் காட்டி ஆறவைத்து வெட்டுங்கள். அழுகல் நிறைய என்பதால் கார்பென்டசிமும் மாங்கோசெப்பும் கலந்த பூஞ்சைக்கொல்லிப் பொடி உரக்கடையில் கேளுங்கள், லிட்டருக்கு 2 கிராம், கையுறை போட்டுக்கொண்டு ஒரு தடவை நனைத்தால் போதும். ஒரு நாள் நிழலில் அப்படியே காயவிட்டு மறுநாள் நடுங்கள்.

நடுவதற்கு மண் கூடவே கூடாது. தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் பாதிக்குப் பாதி. மட்டையில் உப்பு இருக்கும், மூன்று நாள் ஊறவைத்துத் தினமும் தண்ணீரை மாற்றிவிடுங்கள். வேர் கொள்ளும் அளவுக்குச் சின்னத் தொட்டியே போதும், ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக்காக இருந்தால் வேரின் நிறம் வெளியிலிருந்தே தெரியும். நான் ஐஸ்கிரீம் டப்பாவில் சூடாக்கிய கம்பியால் பதினைந்து ஓட்டை போட்டுக்கொண்டேன்.

ஏற்காட்டுக்காரன்:
எங்கள் ஊர்ப் பக்கம் மரத்தில் ஆர்க்கிட் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் இந்தக் குழப்பமே வராது. மழை வேரில் வழிந்து ஓடும், கொஞ்ச நேரத்தில் காற்று காயவைத்துவிடும். வேரின் மேல் பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கிறது, அது நொடியில் குடித்துக்கொள்ளும், அப்புறம் அதற்குக் காற்று வேண்டும். அதனால் கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். வேர் வெள்ளி நிறத்துக்கு வந்தபிறகு தொட்டியோடு பத்து நிமிடம் தண்ணீரில் வைத்து, நன்றாக வடியவிட்டு எடுங்கள். இலைகள் சேரும் நடுக்குருத்தில் தண்ணீர் நின்றால் துணியால் ஒற்றி எடுத்துவிடவும், குருத்து அழுகினால் ஃபெலனாப்சிஸ் மீள்வது கஷ்டம். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, இந்தப் பக்கம் வந்தால் ஒரு எட்டு போய்ப் பாருங்கள்.

பால்கனி ராணி:
சரி, பட்டைப்பொடியில் தோற்றுவிட்டேன். :) ஆனால் இதைக் கேளுங்கள், போர் தண்ணீர் என்றால் ஊற்றாதீர்கள், கரித்துண்டின் மேல் வெள்ளையாக உப்பு பூத்து வேர்முனை கருகும். நான் மூன்று வருடமாக ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றுகிறேன், மழை வந்தால் மழைத்தண்ணீர். டிவி பக்கத்திலிருந்து எடுத்து, நேர் வெயில் படாத கிழக்கு ஜன்னலோரம் வையுங்கள், ஏசிக் காற்று முகத்தில் அடிக்கக்கூடாது. உரம் இப்போது வேண்டாம், புது வேர்முனை தெரிந்தபிறகு 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கும் உரம்) லிட்டருக்கு அரை கிராம்.

வேளச்சேரி செடி:
ரொம்ப நன்றி. வெட்டி, காயவைத்து, நட்டாயிற்று, மிச்சம் மூன்று இலை. அத்தைக்குத்தான் மனசே இல்லை, நாலு நாளாகத் தண்ணீர் ஊற்றாமல் இருக்கிறாளே என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார். டிசம்பரில் பூக்குமா?

மட்டையும் கரியும்:
இந்த டிசம்பரில் ஆசைப்படாதீர்கள். 25 டிகிரிக்குக் கீழே பல வாரம் இருந்தால்தான் இதற்குப் பூத்தண்டு வரும், சென்னையில் அது மார்கழி, தை விட்டால் கிடையாது, அதற்குள் உங்கள் செடிக்கு வேர் பிடித்தாலே பெரிய விஷயம். அப்படித் தண்டு வந்தாலும் இந்த வருடம் வெட்டிவிடுங்கள். பழைய இலையின் சுருக்கம் முழுதாகப் போகாது, அதைப் பார்த்துக் கவலைப்படவேண்டாம், அடுத்து வரும் இலை நிமிர்ந்து வருகிறதா என்று பாருங்கள். அத்தையிடம் ஒரு துளசித் தொட்டியைக் கொடுத்துவிடுங்கள்.