ஹோர்ன் சத்தம் ஏன் வண்டிக்கு வண்டி மாறுது?

ஆஸ்பத்திரி வீதியில் கடை வைத்திருக்கிறேன். திரும்பிப் பார்க்காமலே ஓட்டோவா, காரா, பஸ்ஸா என்று ஹோர்னை வைத்துச் சொல்லிவிடுவேன். ஏன் இந்த வித்தியாசம்?

பதில்: உள்ளே மெல்லிய இரும்புத் தகடு ஒன்று இருக்கிறது அண்ணை. மின்காந்தம் அதை இழுத்ததும் மின்தொடர்பு விட்டுப்போகும், தகடு திரும்பி வரும், மறுபடி இழுக்கும், இப்படி செக்கனுக்கு 400, 500 தடவை. தகட்டின் தடிப்பும் அகலமும் மாறினால் சுருதியும் மாறும். பல கார்களில் தாழ்ந்தது ஒன்று, உயர்ந்தது ஒன்று, இரண்டும் சேர்ந்தே ஒலிக்கும்.

பதில்: பெரிய பஸ்களில் காற்று ஹோர்னும் உண்டு. குழல் நீண்டால் சத்தம் தாழும், நாதஸ்வரம் மாதிரித்தான்.

கேட்டவர்: சரி, மழைக்குப் பிறகு என் பழைய கார் ஹோர்ன் கரகரக்குதே?

பதில்: தொடர்புப் புள்ளி கறுத்திருக்கும். பின்பக்கத் திருகாணியைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கோ.